ஐஸ் பக்டரியின் சுருதி

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் நான் மாணவனானேன். கல்யாண வீடுகளுக்கு எங்கள் இசைக்குழுவைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. இப்போது ஒரு மடிக்கணினியும் அதைத் தட்ட ஒருவனும் போதும். சாப்பாட்டுப் பார்சலும் ஒன்றுதான். கீபோர்ட் வாசித்தே நரைத்தவனுக்கு வேறு தொழில் தெரியாது. ஆகவே இணையத்தில் இசைத் தயாரிப்புப் பயிற்சியொன்றில் சேர்ந்தேன். ஆசிரியைக்கு என் மகளின் வயது. முதல் வகுப்பிலேயே, "சத்தமில்லாத ஒரு அறை வேணும் அங்கிள், மற்றதெல்லாம் பிறகு" என்றாள்.

திருகோணமலையில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவனிடம் கேட்கிற காரியமா அது? பின் அறை ஜன்னலைக் கல் வைத்து அடைத்தேன். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அறைந்தேன். மனைவி குசினியிலிருந்து வந்து பார்த்தாள்.

"ஆரைக் கொல்லப் போறீங்கள்? கத்தினாலும் வெளியில கேக்காது."

கடைசிப் பரீட்சைக்கு ஒரு குரலைப் பதிவுசெய்து பாட்டாக்கி அனுப்ப வேண்டும். கொழும்பில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு ஆள் எடுக்கும் என்றார்கள். குரல் பிடித்தால் பாடினவரையும் எடுக்குமாம். எங்கள் குழுவின் பாடகனைக் கூப்பிட்டேன். பிறந்ததிலிருந்து துறைமுகத்து ஐஸ் பக்டரிக்கு அடுத்த வீட்டில் இருக்கிறவன். குழு படுத்தபின் மைத்துனரின் கடையில் வலை விற்கிறான். கல்யாண மேடைச் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தான்.

"மச்சான், இதை விட்டா எனக்கு வலைதான்."

குரலைத் தனியாக எடுக்க வேண்டும், வாத்தியம் பிறகு. கதவைச் சாத்தினேன். பாடினான். இரண்டாம் அடியில் சுருதி சரிந்தது. நாலாம் அடியில் அது எங்கே போனதென்று இருவருக்கும் தெரியவில்லை. தேத்தண்ணி குடித்தோம். முற்றத்தில் நின்று பாடிப் பார்த்தான், சுருதி அச்சொட்டு. உள்ளே வந்தான், மறுபடியும் சரிவு.

மனைவிதான் கண்டுபிடித்தாள். "அண்ணை ஒருநாளும் தனியப் பாடேல்லை. ஐஸ் பக்டரியோட சேந்தெல்லோ பாடுறவர்."

வெளியே போய்க் காது கொடுத்தேன். பக்டரி மெசினின் இரைச்சல் எங்கள் வளவு வரைக்கும் வருகிறது. கீபோர்டில் தட்டிப் பார்த்தேன், அவனுடைய சுருதியேதான். பக்டரி கேட்காத தம்பலகாமத்துக் கல்யாணங்களில் அதே சுருதியில் இரைகிற ஜெனரேட்டர் அவனைக் காப்பாற்றியிருக்கிறது. எந்தப் பாட்டுக்கும் அவன் சுருதியை மாற்ற விட்டதில்லை. அது மேதையின் பிடிவாதம் என்று நாங்களும் வழிவிட்டோம். ஆக, நானும் இவ்வளவு காலம் ஐஸ் பக்டரிக்குத்தான் கீபோர்ட் வாசித்திருக்கிறேன்.

"கதவைத் திறந்து விடன்" என்றான்.

"ஏலாது. இரைச்சல் விழும்."

"அப்ப அது இல்லாம நான் ஒண்டுமில்லையோ?"

நான் ஹெட்போனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் சுருதி போட்டுக் கொடுத்தும் பார்த்தேன். காதுக்குள் நுளம்பு இரைவது போல இருக்கிறதென்று கழற்றிவிட்டான்.

சரிந்த பாட்டையே கணினியில் போட்டு, ஒவ்வொரு சுரமாகப் பிடித்து நிமிர்த்தினேன். பயிற்சியின் பெரும்பகுதி இதுதான். முடிந்ததும் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டான்.

"நல்லாப் பாடுறான். ஆர் மச்சான்?"

பகிடி என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. குரலைத் திருத்துவதில் எனக்கு நல்ல கை, வேலைக்கு எடுக்கிறோம் என்றார்கள். பாடகரைப் பற்றிக் கேட்டேன். இவ்வளவு திருத்தத் தெரிந்தவருக்கு எந்தக் குரலும் போதுமே என்று மரியாதையாக எழுதினார்கள்.

கடையில் போய்ச் சொன்னேன். அவன் வலையை விரித்து மூதூர் நானா ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"என்னைப் பற்றி என்னவாம்?"

வருகிற வழியெல்லாம் ஒரு நல்ல பொய் யோசித்துக்கொண்டு வந்தேன். வாயில் வந்ததோ உண்மை. சுரத்தை நிமிர்த்தத் தெரிந்தவனுக்கு அவசரத்துக்கு ஒரு பொய்கூட உதவாது.

"நல்லது" என்றான். "உனக்கு இனி வேலைக்குக் குறையில்லை. உலகம் முழுக்கப் பிழையாத்தானே பாடுது." மூதூர்க்காரர் பக்கம் திரும்பி, "நீங்கள் வலைக் கண்ணைப் பாருங்கோ நானா, எவ்வளவு நெருக்கம்" என்றான்.

இப்போது அந்த மெத்தை அறைக்குள் இருந்தே, கொழும்பிலிருந்து அனுப்புகிற முகம் தெரியாதவர்களின் குரல்களை நிமிர்த்துகிறேன். போன கிழமை மனைவி சந்தைக்குப் போய் ஐஸ் பக்டரிப் பக்கத்தால் வந்தாள். அவன் வாசலில்தான் இருந்தானாம். பாடச் சொல்லிக் கேட்டாளாம்.

"என்ன சொன்னவன்?"

"பக்டரிப் பக்கம் கையைக் காட்டினவர், அது பாடுதுதானே எண்டு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வேலை குவிந்து கிடந்தது.