அந்தமானுக்கு எந்த மாசம் நல்லதுங்க?

அந்த நாட்களில் தனம் வீட்டுக்குள் நுழைந்தால் அவளுக்கு முன்னால் அயர்ன் ஆவியின் வாசனை வந்துவிடும். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. புடவையில் ஒட்டிய நூல் பிசிறுகளைக் கிள்ளிக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்காருவாள்... அப்படியே கண் சொருகிவிடும். சாப்பிட எழுப்பினால், ஷிப்மெண்ட் போய்விட்டதா என்றுதான் கேட்பாள்.

2007 வாக்கில் என்று நினைக்கிறேன். திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர், என் மனைவி தனலட்சுமி தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங். எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் கொடுத்த லீவே மூன்று நாள்தான். அதில் விருந்துக்குப் போய் வரவே சரியாக இருந்தது.

அந்த வருடம் ஒரு குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஓடியது. நெஞ்சில் ஒரு தீவு, தென்னை மரம், நீலக் கடல், உள்ளே மஞ்சள் மீன்கள். பத்து மணி நேரம் நின்ற நிலையில் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தவள் ஒரு நாள் கேட்டாள்.

"ஏனுங்க, இந்த மாதிரி மீனு நெசமாலுமே இருக்குதுங்களா?"

அந்தமானில் அடியில் கண்ணாடி பதித்த படகு உண்டு, காலுக்குக் கீழேயே மீன் தெரியும் என்று சொல்லிவைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்! அதற்கப்புறம் அவள் நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. அந்தப் படகில் ஒரு தடவை உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

டிராவல்ஸில் விசாரித்தேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அருமையாக இருக்கும் என்றார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெள்ளைக்காரர்கள் வெயில் காலத்தில் போடுகிற துணியை நாங்கள் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்புவது அந்த மாதங்களில்தான். அப்போது லீவு என்று வாயைத் திறந்தால் மேனேஜர் என்னையும் ஒரு பெட்டிக்குள் போட்டு டேப் ஒட்டிவிடுவார்.

திருப்பூர் மூச்சு விடுவது தீபாவளிக்குத்தான். அந்த வருடம் அது நவம்பரில் வந்தது. தெக்கத்தி ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள்... பத்து நாள் மெஷின் சத்தமே இருக்காது. எங்களுக்கு லீவு என்றால் அதுதான். அது அங்கே மழைக்காலம் என்று டிராவல்ஸ்காரர் சொல்லத்தான் செய்தார். மழை என்றால் எவ்வளவு பெய்துவிடும், அரை மணி நேரத்தில் விட்டுவிடாதா என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் போட்டேன். வறண்டு கிடக்கும் குண்டடத்தில் பிறந்தவனுக்கு மழையைப் பற்றி என்ன தெரியும்?

போர்ட் பிளேரில் இறங்கும்போதே கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் விடவில்லை. புயல் சின்னமாம், படகு ஒன்றுகூட ஓடாதாம். லாட்ஜ் மேனேஜர் ராமநாதபுரத்துக்காரர். இந்த மாதத்தில் உங்களை யார் வரச் சொன்னது என்று பாவமாகக் கேட்டார். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கொஞ்சம் தூறலாகக் குறைந்தது. ஒரே குடையில் கடற்கரைக்குப் போனோம். தனம் பர்ஸைத் திறந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தாள். அந்த டி-ஷர்ட்டின் கடல் நீலம். நிறம் சரிபார்க்க செக்கிங் டேபிளில் வைத்திருப்பார்களே, அந்த பிட்டு. அதை இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கிறாள்! கடலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கடல் கிரே மெலாஞ்ச் துணியை விரித்துப் போட்ட மாதிரி சாம்பலாகக் கிடந்தது.

"ஷேடு சேரலீங்க. ரிஜெக்ட்" என்றாள்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அறைக்கு வந்து படுத்தவள் தூங்கினாள்... எழுந்து சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணி, அப்போதும் தூக்கம். கல்யாணமான நாளிலிருந்து, விடிந்த பிறகு அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நின்று நின்று வீங்கிய கால் வடிந்து, கொலுசு தளர்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அழுதேன், அதற்கென்ன?

கிளம்புகிற அன்று, அடுத்த தடவை நல்ல மாசமாகப் பார்த்துக் கூட்டிவருகிறேன் என்றேன்.

"இதுதானுங்க நல்ல மாசம். வெயிலடிச்சிருந்தா அதக் காட்டறேன் இதக் காட்டறேன்னு என்னைய இழுத்துட்டு அலைஞ்சிருப்பீங்க. வேலைக்குச் சேந்ததுலருந்து நான் இப்புடித் தூங்குனதே இல்லீங்க."

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. மகள் பிறந்தாள், ஆர்டர்கள் வந்தன, ஜனவரிகள் போயின.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. நான் ஒரு நூல் குடோனில் சாவகாசமான வேலை பார்க்கிறேன். தனத்துக்கு முழங்கால் போய்விட்டது, வீட்டில்தான் இருக்கிறாள். எந்த மாதம் வேண்டுமானாலும் லீவு கிடைக்கும். தூக்கம்தான் கிடைப்பதில்லை... நாலரை மணிக்கு அலாரம் இல்லாமலே எழுந்துவிடுகிறாள். சமைத்துக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்ததும், அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் கோவையில் காலேஜ் படிக்கும் மகள், ரெண்டு பேரும் இப்போதாவது அந்தமான் போய் வாருங்கள் என்று சொல்லி, எந்த மாதம் சிறந்தது என்ற பட்டியலை செல்லுக்கு அனுப்பியிருந்தாள். மாதத்துக்கு ஒரு படம். ஜனவரிக்குச் சூரியன், பிப்ரவரிக்குச் சூரியன்... கண்ணாடிப் படகும் அப்போது உண்டாம்.

தனத்திடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செக்கிங்கில் பார்த்த மாதிரியே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில், மேகம் போட்டிருந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதுக்குப் போடச் சொல்லுங்க."

"அப்பப் படகு உட மாட்டாங்களே அம்மிணி."

"தெரியுமுங்க" என்றாள்.

மகளுக்கு இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? நவம்பர் என்று மட்டும் டைப் செய்து அனுப்பினேன்.