சப்பாத்தைக் கழற்றச் சொன்ன தேனுகா

தேனுகா வேலை செய்கிற வீட்டுக்கு நூற்றைம்பது வயது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால், அவர்கள் விடுகிற கொட்டாவிக் காற்றில் ஜன்னல் சீலை ஆடும். யாரோ பணக்காரர் வாழ்ந்த வீடு, இப்போது பழம்பொருள் காட்டும் நூதனசாலை. அறைக்கு அறை வாசலில் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தேனுகா அந்தக் காலத்துக் கட்டிலைப் பற்றி விளக்குவாள். பிள்ளைகள் போனைப் பார்ப்பார்கள்.

அவளுக்கு அஜக்ஸ் நகரில் வீடு. காலையில் 401 நெடுஞ்சாலையில் அவளுடைய காரை ஆமைகள் முந்திக்கொண்டு போகும். பன்னிரண்டு வருடம் பாக்டரியில் வாயை மூடிக்கொண்டு பெட்டி அடுக்கியவளுக்கு, வாயைத் திறக்கச் சம்பளம் கிடைத்தது இங்கேதான்.

பிள்ளைகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து. மேலாளர் பிரியந்தன் இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பொடியன்.

"தேனுகா அக்கா, வெள்ளிக்கிழமை வாற கிளாசுக்கும் போரடிச்சா கிட்ஸ் ரூர் ஓவர். உங்கட பொசிசனும்தான். சொறி."

வெள்ளிக்கிழமை தேனுகா கயிறுகளை அவிழ்த்துவிட்டாள். ஐந்தாம் வகுப்பு வாசலுக்கு வந்ததும், "இதுவும் ஒரு வீடுதான். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ" என்றாள். சொன்னது ஆங்கிலத்தில், அதட்டல் மட்டும் யாழ்ப்பாணம். ரீச்சர்கூடக் கழற்றிவிட்டார். வாசல் கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

பிள்ளைகளும் மாறிப்போனார்கள். கட்டிலுக்குக் கீழே புகுந்தார்கள். நிலக்சி என்ற தமிழ்ச் சிறுமி, "அன்ரி, இந்த வீட்டு ஆக்களுக்கு பாத்ரூம் எங்க?" என்று கேட்டாள். ஒருவர் கையிலும் போன் இல்லை. தேனுகா தரைக்கு ஓரடி மேலே மிதந்தாள்.

தரையில் நின்றிருந்தால் வழுக்குவது தெரிந்திருக்கும். முதல் நாள்தான் பலகைத் தரைக்கு மெழுகு பூசியிருந்தார்கள். ஒருவன் சொக்ஸோடு சறுக்கினான். பிறகு முழு வகுப்பும் சறுக்கியது. ஜனார்த்தன் கொரிடோர் முழுக்கப் பறந்து போய் டிக்டிக் என்று ஓடிய ஆளுயர மணிக்கூட்டில் மோதினான். மணிக்கூட்டுக்கு ஒன்றுமில்லை. அவனுடைய மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அம்புலன்ஸ் போன பிறகு பிரியந்தன் கேட்டான்:

"ஆரக்கா சப்பாத்தைக் கழட்டச் சொன்னது?"

"வீட்டுக்குள்ள ஆர் தம்பி சப்பாத்தோட போறது?"

"அக்கா, இது வீடில்லை. மியூசியம்."

"பிள்ளையளும் அதைத்தானே கொட்டாவி விட்டுச் சொன்னதுகள்."

அவன் சிரிக்கவில்லை. பிள்ளைகளின் சுற்றுலா நின்றது. தேனுகாவுக்கு மாதம் முடியும்வரைதான் வேலை.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் போன் அடித்தது. அதே ரீச்சர். ஜனார்த்தன் கட்டுப்போட்ட கையோடு பள்ளிக்கு வந்துவிட்டானாம். பக்கத்து வகுப்பும் அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடிக்கிறதாம். எந்த நாள் கூட்டிக்கொண்டு வரலாம்?

தேனுகா போனைக் கையால் பொத்திக்கொண்டு பிரியந்தனைப் பார்த்தாள். அவன் கொம்பியூட்டரைப் பார்த்தபடி இல்லையென்று தலையாட்டினான்.