பொட்டில்லாத இரண்டு முகங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு புகைப்படத்தின் பின்புறத்தில் இரண்டு பெயர்களை எழுத உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்...

எழுத முடியவில்லை.

படத்தில் இருப்பவர்கள் யாரோ அல்ல. என் சொந்தப் பெண்கள். மாலதி, வாசுகி. இரட்டையர்; பதினொரு நிமிட வித்தியாசம். நான்கு வயது முடிந்துவிட்டது. அந்தப் படத்தில் எது மாலதி, எது வாசுகி என்று எனக்குத் தெரியவில்லை!

சிரிக்காதீர்கள். சிரிப்பதென்றால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

இந்தப் பத்தியை வாரந்தோறும் படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். தோட்டத்துக் கிராணி நான். காலை ஆறு மணிக்குப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பில் நின்று, யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று பதிவேட்டில் குறிப்பவன். வீட்டுக்கு வந்தால் நாட்குறிப்பு. மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, பஸ் எத்தனை நிமிடம் தாமதம், வாசல் பப்பாளி எந்த நாள் பழுத்தது... எல்லாம் அதில் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக எல்லா ஆட்களையும் முகம் பார்த்துப் பெயர் சொல்கிறவன், சொந்த வீட்டில் திணறிப் போனேன்.

எப்படி நேர்ந்தது? வரிசையாகவே சொல்கிறேன்.

பெண்கள் பிறந்ததிலிருந்து ஆண்டுக்கு ஒரு படம் எடுக்கிறேன். அவர்கள் பிறந்த மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஒன்பது மணி வெயிலில், அதே பெஞ்சில், அதே சுவருக்கு முன்னால். கேமரா பழையது. முந்தைய தோட்டத் துரை ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. முன்புறம் இரண்டு லென்ஸ். வயிற்றோடு வைத்துக்கொண்டு, மேலே உள்ள கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். இப்போது கோலாலம்பூரில் ஒரு மணி நேரத்தில் கலர்ப் படம் கழுவித் தருகிறார்களாம். தரட்டும். நான் இன்னும் கறுப்பு வெள்ளைதான்.

இந்த ஆண்டு படத்துக்கு இரண்டு மாதம் முன்பு, இருவருக்கும் அம்மை போட்டது. ஒருவருக்கு வந்த மூன்றாம் நாள் மற்றவருக்கு. தண்ணீர் ஊற்றி, மாரியம்மன் கோயிலில் மொட்டையும் போட்டாயிற்று. முடி விரற்கடை அளவு வளர்ந்திருந்தது. ஆனால் முகத்தில் கறுப்புத் தழும்புகள். கன்னம், நெற்றி, மூக்கின் மேல்... எண்ணினேன். மாலதிக்குப் பதினான்கு, வாசுகிக்குப் பதினேழு.

கோலசிலாங்கூர் டவுனில் நான் படம் கழுவக் கொடுக்கும் ஸ்டூடியோவில் நெகடிவ்வில் பென்சில் வைத்துத் தழும்பை மறைத்துத் தருவார்கள். கல்யாணப் பெண்களுக்குச் செய்வது. நம் பிள்ளைகளுக்கும் செய்தால் என்ன?

என் மனைவி சரோஜாவுக்குப் பிடிக்கவில்லை. “ஆத்தா வெளையாடிட்டுப் போன தடம்ங்க அது. தானா போவும். நீங்க எதுக்கு அழிக்கிறீங்க?”

“படத்துலதானே அழிக்கிறோம்?”

“என்னவோ செய்யுங்க. நான் சொன்னேன்னு அந்த நோட்டுல எழுதி வெச்சிக்குங்க.”

எழுதி வைத்தேன். பிறகு ஸ்டூடியோ தாளில் மலாய் மொழியில் தெளிவாகக் குறித்துக் கொடுத்தேன்: ‘முகத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் நீக்கவும்.’ ‘எல்லா’ என்ற சொல்லுக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடும் போட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

படம் வந்தது. அடேயப்பா, என்ன நேர்த்தி! ஒரு தழும்பு இல்லை. பளிங்கு போல இரண்டு முகங்கள்.

சரோஜா படத்தை வாங்கிப் பார்த்தாள். கேட்டாள்: “பொட்டு எங்கங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரட்டைப் பிள்ளைகள் என்பதால் கண் படாமல் இருக்க, பிறந்த நாளிலிருந்து சரோஜா கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறாள். மாலதிக்கு வலது கன்னம். வாசுகிக்கு இடது கன்னம். ஒரு நாளும் மாறியதில்லை. திருஷ்டிக்கு வைத்த பொட்டுதான் எங்கள் எல்லாருக்கும் அடையாளமாகவும் ஆகிப்போனது. தோட்டமே அதைப் பார்த்துத்தான் பெயர் சொல்லும். நானும்தான்.

தழும்புகளோடு சேர்ந்து பொட்டும் போய்விட்டது. ஒரே துணியில் தைத்த கவுன். ஒரே அளவு முடி. ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர்...

நாட்குறிப்பில் எழுதியிருப்பேனே என்கிறீர்களா? எழுதியிருந்தேன். ‘வலப்பக்கம் மாலதி’ என்று தெளிவாக. ஆனால் என் கேமராவில் குனிந்து பார்க்கும் கண்ணாடி இடப்பக்கத்தை வலப்பக்கமாகக் காட்டும். நான் எழுதியது கண்ணாடியில் பார்த்த வலமா, நிமிர்ந்து பார்த்த வலமா? மூன்று முறை படித்தேன். தெரியவில்லை. இப்படியும் ஒரு குறிப்பு உண்டா!

சரோஜாவிடம் கேட்டேன். “பெத்தவளுக்குத் தெரியாதா?” என்று சொல்லி, இடப்பக்கம் இருப்பவள்தான் மாலதி என்றாள். குறித்துக்கொண்டேன். மாலையில் ஒன்றும் தெரியாதவன் போல மறுபடி கேட்டேன். வலப்பக்கம் என்றாள்.

“காலையில இடப்பக்கம்னு சொன்னியே?”

“நீங்க கேட்டுக் கேட்டுக் கொழப்பிட்டீங்க!”

அடுத்து, ஆயாக் கொட்டகைக்குப் போனேன். தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே அஞ்சலைதான் என் பெண்களையும் பகலில் கவனிக்கிறாள். அவள் படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தாள்; கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“கிராணி, அழுவுற சத்தத்த கேட்டாக்கா இருட்டுல கூட சொல்லிடுவேன், இன்னாருன்னு. இந்தப் படம் அழுவ மாட்டேங்குதே லா!”

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

கடைசியில் சம்பந்தப்பட்டவர்களையே கேட்டேன். மாலதி இடப்பக்கத்தைக் காட்டி, “இது நானு” என்றாள். வாசுகியும் அதே இடப்பக்கத்தைத்தான் காட்டினாள். “இது நானு. அதுவும் நானு” என்று மேலும் சொன்னாள். பிறகு இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல். எனக்கு அப்புறமும் இந்தப் படங்கள் இருக்கும். ஒரு பெயரை இடம் மாற்றி எழுதிவிட்டால், நாளை வளர்ந்தபின் ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தைத் தன் முகம் என்று நம்புவாள். அதை யார் திருத்துவது? சரி, எழுதாமல் விட்டுவிடலாம் என்றால்... பெற்ற அப்பனுக்கே தெரியவில்லை என்று ஆகிறதே! பெயர் இல்லாத அந்த வெள்ளைப் பின்புறம் என்னைப் பார்த்து என்னவோ கேட்பது போலவே இருந்தது.

ஸ்டூடியோவிலேயே கேட்டுப் பார்க்கலாம் என்று அடுத்த சனிக்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு கோலசிலாங்கூருக்குப் பஸ் ஏறினேன். ஸ்டூடியோ வேலை முடிந்தால் குன்றின் மேல் குரங்கு காட்டுவதாக ஒப்பந்தம். செம்பனை மரங்கள் ஓட ஓட, இருவரும் ஆளுக்கொரு பக்கம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

இறங்கும்போது பார்க்கிறேன்... இரண்டு பொட்டும் என் வெள்ளைச் சட்டையில்!

கன்னத்தில் பொட்டு இல்லை; எண்ணிப் பார்க்கத் தழும்புகளும் மங்கிப் போயிருந்தன. இறங்கும் அவசரத்தில் இடம் மாறி நின்றார்கள். “மாலதி” என்று கூப்பிட்டேன். இரண்டு பேரும் திரும்பினார்கள். இப்போது படத்தில் மட்டுமல்ல, நேரிலும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டூடியோவில் பென்சில் வேலை செய்பவர் ஆ லான் என்ற சீனப் பெண்மணி. கடை முதலாளி தவுக்கேயின் மைத்துனி, நாற்பது வயது இருக்கும். சபாக் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

“வாங்க கிராணி. படம் நல்லா வரலியா?”

“ரொம்ப நல்லா வந்திருக்கு. அதான் பிரச்சினை. நீங்க பொட்டையும் சேத்து அழிச்சிட்டீங்க.”

“நான் தோட்டத்துக் கடைல வளந்தவ லா. மைப்பொட்டு தெரியாதா எனக்கு? பென்சில கீழ வெச்சிட்டு தவுக்கேகிட்ட கேட்டேன். அவரு தாள எடுத்து நீட்டுறாரு. ‘எல்லா’ன்னு எழுதி, கீழ கோடு வேற. கிராணி கோடு போட்டா நாங்க என்னா செய்யிறது?”

தலையை ஆட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். பெயர் எழுத முடியாத கதையை, சரோஜாவின் இரண்டு பதில்களை, எல்லாவற்றையும்.

ஆ லான் சிரிக்கவில்லை. படத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். நாற்காலியில் ஏறி நின்று கண்ணாடிப் பெட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் பெண்களை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

“இது அந்தப் பிள்ள. இது இந்தப் பிள்ள” என்று படத்திலும் நேரிலும் விரலை வைத்துக் காட்டினார். “பேரு எனக்குத் தெரியாது. நீங்களே கேட்டுக்குங்க.”

“எப்படிம்மா?” என்றேன்.

“இவளுக்கு எடது புருவம் முடியிற எடத்துல முடி சுழிச்சிக்கிட்டு நிக்கும். அவளுக்கு மேலொதடு ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பு. ரெண்டு மத்தியானம் பூதக்கண்ணாடி வெச்சி இவங்க மொகத்தத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்? மறக்குமா?” பிறகு, குத்தலாக இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். “நீங்க தெனம் பாக்குறீங்களே கிராணி?”

தினம் பார்க்கிறேன். என்ன பார்த்தேன்? பொட்டை.

குனிந்து, அவர் முதலில் காட்டிய பிள்ளையின் புருவத்தைப் பார்த்தேன். சுழி இருந்தது. நான்கு ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது! “உன் பேரு என்னாம்மா?” என்று நான் பெற்ற பெண்ணிடமே கேட்டேன். “வாசுகி” என்றாள். கேள்வியில் அவளுக்கு ஒரு வியப்பும் இல்லை.

ஆ லான் நெகடிவ்வை எடுத்தார். பஞ்சில் கற்பூரத் தைலம் போல மணக்கும் ஏதோ எண்ணெயைத் தொட்டு மெல்லத் துடைத்தார். பென்சில் பூச்சு கரைந்து வந்துவிடுமாம். விளக்குப் பெட்டிமேல் வைத்தார். நெகடிவ்வில் கறுப்பு வெளிச்சமாகத் தெரியும் அல்லவா? இரண்டு முகங்களிலும் பொடிப் பொடியாக வெளிச்சப் புள்ளிகள் திரும்பி வந்தன. அவற்றோடு கன்னத்தில் பெரிய புள்ளி, ஒருத்திக்கு வலதில், ஒருத்திக்கு இடதில். ஆ லான் விரல் வைத்துச் சொன்னது அப்படியே சரி.

எனக்கு ஒரு சந்தேகம். கேட்காமல் வரமுடியுமா? “எத அழிக்கணும், எத விடணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?”

“எத அழிச்சா வீட்டுல கண்டுபிடிக்க மாட்டாங்களோ, அத அழிப்பேன். எதத் தொட்டா அம்மாக்காரி ‘இது யாரு?’ன்னு கேப்பாளோ, அதத் தொட மாட்டேன்.” விளக்குப் பெட்டியை அணைத்தபடி, “யாரும் கோடு போடாம இருந்தா” என்றார்.

தழும்போடும் பொட்டோடும் ஒரு பிரதி போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குன்றின்மேல் குரங்குக் கூட்டம். சாம்பல் நிறத் தாய்கள், ஆரஞ்சு நிறக் குட்டிகள். “எந்தக் குட்டி எந்தம்மாவோடதுப்பா?” என்று மாலதி கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் பழகிப் போயிருந்தது.

புதிய பிரதி வந்ததும் பின்புறத்தில் இரண்டு பெயர்களையும் எழுதினேன். பெயருக்குப் பக்கத்தில், புருவச் சுழி, உதட்டுத் தடிப்பு என்றும் குறித்தேன். சரோஜா அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள். பளிங்கு முகங்கள் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டன.

இப்போது தினமும் காலையில், சரோஜா பொட்டு வைக்கும் முன், நான் பெயர் சொல்ல வேண்டும். இது வீட்டில் புது விளையாட்டு. இதுவரை பத்தொன்பது நாள். பதினாறு சரி, மூன்று தவறு. அந்த மூன்றில் ஒரு நாளாவது இருவரும் பேசி வைத்துக்கொண்டு பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்பது என் ஐயம். சரோஜா எத்தனை சரி என்று கேட்காதீர்கள். எழுதக் கூடாது என்று உத்தரவு.

மறதி வந்துவிடும் என்று அடுத்த ஆண்டு படத்துக்கான குறிப்பை இப்போதே ஸ்டூடியோ தாளில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டேன். ‘எதையும் அழிக்க வேண்டாம்.’ ‘எதையும்’ என்பதற்குக் கீழே ஒரு கோடு.

சரோஜா அதை எடுத்துப் படித்தாள். “போன தடவையும் இப்படித்தானே கோடு போட்டீங்க?” என்றாள்.

ரப்பரை எடுத்துக் கோட்டை மட்டும் அழித்துவிட்டேன்.