சிவந்து நிற்கும் எழுத்து

இரணியலில் நான் ரயில் ஏறும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். திருவனந்தபுரத்தில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மடியில் லேப்டாப். வலது கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்நுனிகளையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வருவார். ஜெபம் செய்கிறார் என்று பல மாதம் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவர் திரையில் ஆங்கில எழுத்துகள் ஓடின. ஓரிடத்தில் கியூ என்ற எழுத்து மட்டும் நீளமாக, வரிசையாகச் சிவந்து நின்றது. என்னவென்று கேட்டேன்.

"புரதத்துக்க வரிசை சார். திரும்பத் திரும்ப வாறத இந்த சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கும். இந்தக் கியூ எல்லாருக்கும் உண்டும். நீளம் கூடிப்போனா கை காலு சொன்ன பேச்சு கேக்காது."

"இது யாருக்க வரிசை?"

"எனக்க அண்ணனுக்க. அப்பாவுக்கும் இதே நீளம்தான்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கதும் ரெண்டு வருசமா இதுலதான் கெடக்கு. சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பாக்கல்ல. ஓட்டுனா ஒரு நிமிசம் ஆவாது." லேப்டாப்பை மூடினார். "விரலு ஒழுங்காத் தொடுகது வரைக்கும் எதுக்கு சார் பாக்கணும்?"

அது ஜெபம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

குழித்துறை ஆற்றுப்பாலத்தில் மறுபடி தொட ஆரம்பித்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல். சுண்டுவிரலுக்கு வந்த கட்டைவிரல் அதைத் தொடாமல் விலகிப் போனது. அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப் மூடியிருந்தது. வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டிருந்தார். திருவனந்தபுரம் வரை அதை வெளியே எடுக்கவே இல்லை.