அந்தப் பக்கம் நகராட்சி, இந்தப் பக்கம் ஊராட்சி

வேலையில் இருந்த முப்பத்து நாலு வருஷமும் நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட வீட்டு வரி கட்டியதில்லை. சம்பளத்தில் வாடகை பிடிப்பார்கள், அவ்வளவுதான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் சொல்லிவிட்டால் போதும், ஆள் வந்துவிடுவார். இதெல்லாம் யார் காசில் நடக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. சொந்த வீடு கட்டுகிற வயது வரைக்கும் ஒருவன் இதில் இவ்வளவு விவரம் இல்லாமல் இருக்கலாமா என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஓய்வு பெறும்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே நானும் என் நண்பனும் மனை தேடினோம். அவனும் நானும் சுரங்கத்தில் ஒரே ஷிப்டு, ஒரே நாளில் பர்மனென்ட் ஆனவர்கள். அவன் நெல்லிக்குப்பத்துக்காரன். எனக்குச் சொல்லிக்கொள்ள ஊர் கிடையாது. என் அப்பா வேலைக்காக வந்து இறங்கிய இடம்தான் ஊர்.

கடைசியில் டவுன்ஷிப்பிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் ஒரு மனைப்பிரிவு அமைந்தது. நடுவில் தார்ச் சாலை போனது. புரோக்கர் சாலையின் மேல் நின்று கையை விரித்துக் காட்டினார்.

"சார், அந்தப் பக்கம் நகராட்சி, இந்தப் பக்கம் ஊராட்சி. மனை விலையில பெரிய வித்தியாசம் இல்ல. வரியிலதான் வித்தியாசம்."

நண்பன் நகராட்சிப் பக்கம் எடுத்தான். நாளைக்கு மகளுக்காக விற்க வேண்டி வந்தாலும் மதிப்பு இருக்கும் என்றான். நான் ஊராட்சிப் பக்கம் எடுத்தேன். பென்ஷனில் வாழப்போகிறவனுக்கு வரி குறைவாக இருப்பதுதானே நல்லது? என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தண்ணிக்கு என்னங்க செய்யறது?"

"போர் போட்டுக்கலாம்."

முதல் வருஷ வரியை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கட்டினேன். ஊராட்சி கிளார்க் வண்டிப் பெட்டியிலிருந்து ரசீது புத்தகத்தை எடுத்து எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நேராக எதிர்ப்பக்கம் போய் நண்பனிடம் காட்டினேன். அவன் தன்னுடையதை எடுத்து வந்தான். இரண்டும் ஒரே அளவு வீடு, ஒரே கொத்தனார் கட்டியது.

"உன்னோட ஒரு அரையாண்டு வரிக்கு நான் பத்து வருஷம் கட்டுவேன்யா" என்றேன்.

அவன் சிரித்தான். "கட்டு, கட்டு. எங்க பக்கம் விளக்கு எரியுது. வெளிச்சத்துல நட."

போர் இரண்டு கோடைக்குத் தாங்கியது. மூன்றாவது கோடையில் மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுத்தது. இன்னும் ஆழமாகப் போட்டுப் பார்த்தோம். செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் வந்து அதுவும் நின்றது. நண்பன் வீட்டு நகராட்சிக் குழாயிலிருந்து சாலையைத் தாண்டி ஓஸ் பைப் போட்டு எங்கள் தொட்டியை நிரப்பிக்கொண்டோம். நான் கேட்கவில்லை. அவனே ஓஸ் வாங்கி வந்து மாட்டினான்.

சில மாதம் அப்படிப் போயிற்று. ஒரு நாள் காலையில் அவன் வந்து எங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். எப்போதும் நேராகச் சமையலறை வரைக்கும் வருகிறவன்.

"தெருக்காரங்க புகார் குடுத்துட்டாங்கய்யா. வரி கட்டுறது நாம, தண்ணி போறது ஊராட்சிக்கான்னு கேக்குறாங்க. பில் கலெக்டர் வந்து கனெக்‌ஷன கட் பண்ணிடுவேன்னு சொல்லிட்டுப் போறாரு."

"சரி, விடு."

"ஓஸ் மட்டும் வேணாம். உங்க வீட்ல அவங்கள குடத்துல வந்து எடுத்துக்கச் சொல்லு. குடத்துக்கு எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது."

என் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு குடத்தோடும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. டிராக்டர் தண்ணீர் வாங்க ஆரம்பித்தோம். வரியில் மிச்சம் பிடித்தது எல்லாம் டிராக்டர்காரரிடம் போயிற்று.

எங்கள் மனைப்பிரிவுக்குப் பின்னால் ஒரு பழைய குடியிருப்பு. நிலம் இல்லாத கூலிக் குடும்பங்கள். அங்கிருந்து ஒரு பெண் எங்களுக்குப் பழக்கமானாள். வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, அவள் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, ஏரிக்கரைக் கைபம்பிலிருந்து தினம் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாள். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "நானும் எடுத்துகினுதான வரேன், கூட ரெண்டு கொடம்" என்றாள்.

அந்த வருஷம்தான் எங்கள் பக்கத்து ஓய்வூதியக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசினோம். ஊராட்சியில் இருக்கும்வரை தண்ணீர் வராது, நம் பக்கத்தை நகராட்சியோடு சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. ஆபீஸ் கடிதம் எழுதிப் பழகியவன் என்று என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கம் எழுதினேன்.

நகராட்சியோடு சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும். அது ஊராட்சிக்கு மட்டும்தான். எனக்கு அது தெரியாது என்று சொல்ல மாட்டேன். முதலில் எழுதியதில் அதற்கும் ஒரு பத்தி இருந்தது, அந்த மக்களுக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்று. "இத எழுதினா மனு நிக்காது சார்" என்றார் ஒருவர். நான் அடித்துவிட்டேன். அப்படி எளிதாகத்தான் அடித்தேன்.

கிராம சபையில் மனுவைப் படித்தார்கள். மறுநாள் அந்தப் பெண் வந்தாள். குடம் இல்லாமல் வந்தாள்.

"சார், மனு நீங்க எழுதுனதாங்களா?"

"ஆமாம்மா. எல்லாருக்கும் தண்ணி வேணுமில்ல."

"வேணுந்தாங்க. ஆனா நகராட்சி ஆயிட்டா எங்களுக்கு வேல கெடையாதுன்றாங்களே. அத எழுதுனீங்களா?"

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"எங்க வூடு ஓட்டு வூடு. அதுக்கும் அளந்துகினு வந்து வரி போடுவாங்களாமே."

"சின்ன வீட்டுக்குக் கம்மியாத்தான்மா போடுவாங்க."

"கம்மின்னா எவ்ளோங்க?"

"கேட்டுச் சொல்றேம்மா" என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி காபி கொண்டுவந்தாள். அதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள்.

சேர்க்கக் கூடாது என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ஆனால் பல மாதம் கழித்து, சேர்த்தாகிவிட்டது என்று உத்தரவு வந்தது. சுற்றிலும் இன்னும் சில ஊர்களைச் சேர்த்தே வந்தது. என் மனுவால்தான் வந்ததா, மனு இல்லாவிட்டாலும் வந்திருக்குமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊர்க்காரர்களுக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை.

நகராட்சியிலிருந்து வந்து வீட்டை டேப் பிடித்து அளந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கழிப்பறையைக்கூட விடவில்லை. நோட்டீஸ் வந்ததும் எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். ஓஸ் விஷயத்துக்குப் பிறகு நான் அங்கே போனது அன்றுதான். இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே சாலை, ஒரே அளவு வீடு, இப்போது ஒரே நகராட்சி. அப்படியும் என் வரி அவனுடையதைவிட அதிகமாக இருந்தது.

"இது எப்படிய்யா?" என்றான். அவன் சிரிக்கவில்லை.

நகராட்சி ஆபீஸில் கேட்டேன். "அவரோடது பழைய அசெஸ்மென்ட் சார். உங்களோடது புதுசு. ரேட்டு வேற" என்றார் அங்கிருந்தவர். ஊராட்சி நாளில் கட்டிய ரசீதுகளை எல்லாம் காட்டினேன். "அதெல்லாம் இங்க செல்லாது. மேல்முறையீடு குடுத்துட்டுப் போங்க." கொடுத்துவிட்டு வந்தேன். பதில் இல்லை.

தண்ணீருக்காகப் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். மேல்நிலைத் தொட்டி கட்டினால்தான் இந்தக் குழாயில் ஏற்ற முடியும் என்றார்கள். தொட்டிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இரண்டு வருஷமாகச் சொல்லும் பதில். குழாயின் வாயை நாங்களே துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறோம், பூச்சி போகாமல் இருக்க.

நண்பன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு சென்னைக்குப் போய்விட்டான். போகிற அன்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எவ்வளவோ பேசியிருக்கிறோம். அன்றைக்கு லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை மட்டும்தான் பேசினோம். நாங்களும் விற்கலாமா என்று புரோக்கரைக் கேட்டோம். "தண்ணி இல்லாத வீட்ட யாரு சார் வாங்குவா? வரி வேற அதிகம்" என்றார். மனையைக் காட்டிய அதே ஆள்தான்.

பின்னால் குடியிருப்பில் நூறு நாள் வேலை நின்றுபோயிற்று. அந்தப் பெண் ஷேர் ஆட்டோவில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள். கொட்டை ஓட்டிலிருந்து வடிகிற பால் பட்டு விரலெல்லாம் கறுத்து உரிந்திருப்பதாக என் மனைவி சொன்னாள். எங்கள் வாசல் வழியாகத்தான் போவாள். மனைவியிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். நான் வெளியே வந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

போன மாதம் வரி கட்டப் போனபோது ஆபீஸில் அவளைப் பார்த்தேன். கையில் நோட்டீஸை மடித்து வைத்திருந்தாள். ஓட்டு வீட்டைக் கான்கிரீட் தளம் போட்ட வீடு என்று எழுதி வரி போட்டுவிட்டார்களாம், திருத்த மனு எழுதித் தர ஆள் தேடிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"குடும்மா, நான் எழுதித் தரேன்."

"வேணாங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வேறொருவரிடம் போய் நோட்டீஸை நீட்டினாள்.

நான் வரிசையில் நின்று என் வரியைக் கட்டினேன். மேல்முறையீடு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, அந்த சீட்டில் இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக ஒன்று கொடுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும், ஏதாவது சொன்னாங்களா என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். அவள் டிராக்டர்காரருக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வர முடியாது, நாளை மறுநாள்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது.