கூடை சுமக்காத முதுகு

1988 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை. அம்மா காலை ஆறரைக்கு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாள். நான் எங்கள் லயத்து வீட்டு வாசலைக் கூட்டினேன். பீலியில் மூன்று வாளி தண்ணீர் பிடித்தேன். துணி துவைத்துக் காயப்போட்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் என்னைவிடச் சற்றே பெரிய பெண்கள் கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அம்மாவின் பழைய கூடையை எடுத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வாசலில் நடந்து பார்த்தேன். பகல் சாப்பாட்டுக்கு வந்த அம்மா கண்டுவிட்டாள். முதுகில் ஓர் அறை விழுந்தது.

"கழட்டுடி அத! என் முதுகப் பாத்துக்கிட்டே மாட்டுறியே, ஒனக்கும் கூன் விழணுமா?"

கூடைதான் முதுகை வளைக்கிறது என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்குத்தான் ஒரு கணக்கு உதைத்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பிள்ளைக்காம்பராவில் கொழுந்துக்காரிகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அவளுக்கு அம்மாவைவிடக் கூன் அதிகம். போன மாதம் தொட்டிலிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கியபோது முதுகு பிடித்து, பத்து நாள் படுத்திருந்தாள்.

"பெரியம்மா கூடையே தூக்குனதில்லையேம்மா. அவங்களுக்கு எப்பிடி?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஊரு புள்ளைங்களத் தூக்கித் தூக்கித்தான்."

அவளும் பகல் சாப்பாட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள்; கேட்டுச் சிரித்தாள். "ஆமாடி, அதுல பாதி ஒன் மகளாலதான். அரிசி மூட்டயாட்டம் கனத்தா!"

நானும் சிரித்தேன். விடை கிடைத்துவிட்டதென்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன்.

கூடை என் முதுகில் ஏறவே இல்லை. அம்மா படிக்க வைத்தாள், ஹாலிஎலயில் ஆசிரியையானேன். இந்த வருடம் பள்ளிப் படியில் லேசாகச் சறுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. பதுளையில் பரிசோதித்த மருத்துவர், அம்மாவுக்கோ அவர் உடன்பிறந்தவர்களுக்கோ கூன் விழுந்ததா, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்ததா என்று கேட்டார். எலும்பு மெலிவு குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடுமாம். இரண்டு பேரைப் பற்றியும் சொன்னேன். எனக்கு மகள் இருக்கிறாளா என்று கேட்டார். கூடையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். அடுத்த பக்கம், ஆகஸ்ட் 13. காலையில் எழுந்ததும் அம்மா முதல் வேலையாக அந்தப் பழைய கூடையை மிதித்து உடைத்து அடுப்பில் வைத்தாள். காய்ந்த மூங்கில், சடசடவென்று எரிந்தது. இனி என் முதுகுக்குப் பயமில்லை என்று எங்கள் இருவருக்கும் நிம்மதி. அந்த நெருப்பில் கொதித்த தேநீரைக் குடித்துவிட்டு, புதுக் கூடையை மாட்டிக்கொண்டு அம்மா பெரட்டுக்குக் கிளம்பினாள்.