ஃபுசாயே விற்காத பெயர்

கிரிகாவா சுமோ கூடத்து ஆசான் ஒரு பிப்ரவரி மாதம், காலைப் பயிற்சியின் நடுவில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. நான் அந்தக் கூடத்தில் மல்லர்களுக்கு முடி கட்டுபவன். அவரைத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன்.

அவர் மனைவி ஃபுசாயேவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பதினொரு மல்லர்களின் சாப்பாடு, காய்ச்சல், ஊரிலிருந்து வரும் பெற்றோர், ஆதரவாளர்களுக்கு விருந்து, டிக்கெட் விற்பனை எல்லாம் அவள் கையில்தான். எங்களுக்கு அவள் அம்மா.

சுமோ சங்கத்தில் ஆசான் பெயர்கள் நூற்றைந்துதான். அதில் ஒன்றைச் சூட்டிக்கொண்டவன்தான் கூடம் நடத்தலாம். கிரிகாவா என்ற பெயருக்கான பத்திரம், அந்தக் காலத்து வழக்கப்படி, இப்போது ஃபுசாயேவிடம் வந்திருந்தது. சீக்கிரம் யாராவது அந்தப் பெயரை ஏற்காவிட்டால் கூடத்தைக் கலைத்துவிடுவார்கள்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே ஹிராய்வா வந்தார். கட்டட கான்ட்ராக்டர். தான் ஆதரிக்கும் வேறொரு கூடத்து மல்லனுக்காகப் பெயரை வாங்க வந்திருந்தார். அவர் சொன்ன தொகைக்கு ஆற்றங்கரையில் நல்ல வீடே வாங்கலாம்.

"என் பசங்க என்ன ஆவாங்க?" என்று ஃபுசாயே கேட்டாள்.

"தேறுறவன நாங்க வச்சுக்கிறோம். மத்தவங்க ஊருக்குப் போகட்டும். கடைசி வரிசையில கெடக்குறவனுக்குச் சோறு போட்டு என்னம்மா லாபம்?"

"அந்தச் சோத்த இத்தனை வருஷமா போடுறது நான்தாங்க. டீ ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க."

ஹிராய்வா டீயைத் தொடாமல் போனார்.

எங்கள் மல்லர்களில் அந்தப் பெயரை ஏற்கும் தகுதி தோகாச்சியுமி ஒருவனுக்குத்தான் உண்டு. ஹொக்கைடோக்காரன், முப்பத்தொரு வயது. வலது முட்டி மோசம். ஆனால் முதல் பிரிவில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தான். ஆசானாக வேண்டுமென்றால் குடுமியை வெட்டிக் களத்தை விட்டுவிட வேண்டும். அன்று மாலை சமையலறையில் அவள் முன்னால் மண்டியிட்டான்.

"நீங்க சொன்னா நாளைக்கே குடுமிய எடுத்துடுறேன், அம்மா."

"நான் சொல்ல மாட்டேன். உனக்கு எப்ப போதும்னு தோணுதோ, அப்ப வந்து நீயே சொல்லு. எந்திரி, முட்டிய மடக்காத."

மறுநாள் கருப்பு கிமோனோ கட்டிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு காமெய்தோ போனாள். அங்கே மினெகிஷி என்ற முதிய ஆசான் இருந்தார். சொந்தமாகக் கூடம் இல்லாதவர்; ஓய்வு பெறப் பதினாறு மாதம் இருந்தது. ஃபுசாயேவின் அப்பாதான் முந்தைய கிரிகாவா. அவரிடம் வளர்ந்த மூத்த சீடர் இவர். பெயர் தனக்குத்தான் வரும் என்று காத்திருந்தார். அப்பாவோ மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு இருபது வருஷம் இவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஃபுசாயே பாயில் நெற்றி படக் குனிந்தாள்.

"உன் புருஷன் அனுப்பி நீ வந்திருந்தா வெரட்டியிருப்பேன்," என்றார்.

"அவர் இருந்திருந்தா என்னை அனுப்பியே இருக்க மாட்டார்."

"அந்தப் பேர் அன்னைக்கு எனக்கு வந்திருக்கணும்."

"தெரியும்."

"இப்ப வந்து, கொஞ்ச நாள் வச்சுக்கிட்டு திருப்பிக் குடுங்கிற?"

"ஆமாண்ணே. அதத்தான் கேக்க வந்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து ரயில் பாதையில் இரண்டு வண்டிகள் போயின.

"அந்த ஹொக்கைடோ பய, முட்டிக்கு வைத்தியம் பாக்குறானா இல்லையா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே அவர் கிரிகாவா ஆனார். விடியுமுன் வந்துவிடுவார். முதல் சில நாட்கள் ஆசானின் மெத்தையைத் தள்ளிவைத்துவிட்டு வெறும் பலகையில் உட்கார்ந்தார். பையன்களை நன்றாகத் திட்டினார். ஒருவனையும் ஊருக்கு அனுப்பவில்லை.

தோகாச்சியுமி ஒரு பதினைந்து நாள் போட்டியில் எட்டு வெற்றி பெற்றான். பிறகு முட்டி முழுதாகப் போனது. இரண்டாம் பிரிவுக்கு இறங்கினான். மறு வருஷம் மே மாதம் அவனே ஃபுசாயேவிடம் வந்து, "போதும்மா," என்றான். மினெகிஷி சொன்னபடியே பெயரைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆளுக்குச் சில மயிராகக் குடுமி வெட்டும் விழாவைப் பெரிய அரங்கில் வைத்தால் நல்ல வசூல். ஆனால் அங்கே மண் களத்தில் பெண்கள் ஏறக் கூடாது. தோகாச்சியுமி ஒரு ஹோட்டல் ஹாலை எடுத்தான். ஆதரவாளர்கள் முணுமுணுத்தார்கள்.

"அம்மா கத்தரி வைக்கணும். வேற எதுவும் எனக்கு வேணாம்," என்றான்.

நான் குடுமியைப் பிடித்துக் காட்டினேன். ஃபுசாயே சில மயிர்களை மட்டும் நறுக்கிவிட்டு, அவன் தோளில் கை வைத்தாள். அழுதது அவன்தான்.

புது ஆசான் தோகாச்சியுமியின் மனைவிதான் இனி கூடத்துக்கு அம்மா. கிரிகாவா பெயருக்காக அவனால் கொடுக்க முடிந்ததை மட்டும் வாங்கிக்கொண்டு, ஃபுசாயே இச்சிகாவாவில் இரண்டு அறை வீட்டுக்குக் குடிபோனாள். பிறந்ததிலிருந்து கூடத்திலேயே இருந்தவள். முதல் மாதம் ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று தெரியவில்லை என்று என்னிடம் சொன்னாள்.